மேலப்புதூர் வீட்டில் ஐந்து துரைமார்

வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டுப் போய்ப் பத்து வருஷம் கழித்து, செல்வமேரியின் வீட்டுக்குள் வந்து குடியேறினான். ஒருத்தன் இல்லை, ஐந்து பேர். அதில் ஒருத்தி பொம்பளை.

மேலப்புதூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த வாடகை வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான். விருந்தாளி ஒருத்தர் கூடுதலாக வந்தால் வீட்டுக்காரர் வாசலில் பாய் போட வேண்டும். அந்த வீட்டில் ஆள் உயரத்துக்குத் தேக்குச் சட்டம் போட்ட எண்ணெய்ச் சாயப் படங்களை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினால் எந்தப் பெண்பிள்ளைதான் பொறுப்பாள்? இறக்கியது வேறு யாருமில்லை, அவள் புருஷன் அற்புதசாமிதான்.

அற்புதசாமி கன்டோன்மென்ட் பக்கம் இருந்த பழைய வாசகசாலையில் மானேஜர். அந்த மண்டபத்துச் சுவரில் இந்த ஐந்து பேரும் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கலெக்டர் பென்ரோஸ், பிரசவ ஆஸ்பத்திரி திறந்த அவர் சம்சாரம், ஜட்ஜ் ஹார்கோர்ட், சுருட்டுக் கம்பெனி வைத்து இங்கேயே தங்கிவிட்ட விட்டேக்கர், கொள்ளிடக் கரையைப் பலப்படுத்திய என்ஜினியர் டன்ஸ்டன். சுதந்திர நாட்டில் துரைமார் படம் எதற்கு, தலைவர்கள் படத்தை மாட்டுவோம் என்று கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. நல்ல தீர்மானம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் கழற்றிய படத்தை எங்கே வைப்பது என்று ஒரு மகாராசனும் வாய் திறக்கவில்லை. மண்டபத்தின் பின்னறையில் கமிட்டித் தலைவர் தன்னுடைய பழைய கேஸ் கட்டுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். "நீங்களே பத்திரமாப் பாத்துக்கோங்கோ" என்று அற்புதசாமியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்திரமாக என்றால் இந்த மனுஷனுக்கு வேறென்ன தெரியும்? வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ரெண்டே நாள் மேரி. கமிட்டி ஒரு முடிவு சொல்லிடும்."

ரெண்டு நாள் ரெண்டு மாசம் ஆனது. பங்குச் சாமியாரிடம் போய் கோயில் நடையில் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். சாமியார் கையை உதறினார். "அஞ்சு பேரும் ப்ராட்டஸ்டன்ட்டுப்பா. ஆயர் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" பாலக்கரையில் பழைய சாமான் எடுக்கிற காஜா மைதீன் வந்து பார்த்தார். சட்டம் மட்டும் என்றால் இப்போதே எடுத்துக்கொள்கிறேன், துரைங்க வேண்டாம்மா என்றார். செல்வமேரி அதற்கும் சம்மதம் என்று தலையாட்டினாள். அற்புதசாமிதான் குறுக்கே வந்து நின்றார்.

"பொதுச் சொத்து மேரி. கமிட்டி சொல்லாம எப்படி?"

இதில் கூத்து என்னவென்றால் காலையில் எழுந்து பல் தேய்த்ததும் அவர் மெல்லிய துணி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துரையாகத் துடைப்பார். ஜட்ஜுக்கு மூக்கில் விரிசல் விழுகிறது என்று வருத்தப்படுவார். வீட்டில் கல்யாண வயசு தாண்டி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளே, அதற்கு வருத்தப்படுகிறாரா? அக்னஸுக்கு இருபத்து மூன்று முடிந்துவிட்டது. கன்னியர் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நல்ல நிறம், நல்ல படிப்பு, வாய்தான் கொஞ்சம் நீளம். வருகிற இடமெல்லாம் ஏதாவது ஒன்றில் தட்டிப் போய்க்கொண்டிருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் லால்குடிப் பக்கத்திலிருந்து சகாயநாதன் ஜாதகம் மாதிரி எல்லாப் பொருத்தத்தோடும் வந்து சேர்ந்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். அப்பா இல்லை. அம்மா வியாகுலம்மாள் தினப்பூசை தவறாத பக்திக்காரி என்று சொல்லியிருந்தார்கள். அக்னஸைப் பூசையில் ஏற்கெனவே பார்த்துவிட்டு அவனாகவேதான் மாமாவை விட்டுக் கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பெண் பார்க்க வருவதாக ஆயிற்று.

"இன்னிக்கு ஒரு நாளாவது இதுகளை வெளியே எடுத்துப் போடுங்க" என்று செல்வமேரி கெஞ்சினாள்.

"மழை வந்தா நனைஞ்சுடும்."

"என் பொண்ணு வாழ்க்கை நனையுதே, அது தெரியலையா உங்களுக்கு?"

அவர் பழம் வாங்கப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். செல்வமேரி வீட்டில் இருந்த போர்வை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு நாலு பேரை மூடி அறைக்குள் தள்ளினாள். டன்ஸ்டன் மட்டும் அடங்கவில்லை. ஆள் அவ்வளவு உயரம். அறை வாசலில் நுழையவில்லை. கூடத்தில் பீடம் இருந்த சுவர் ஒன்றுதான் அவருக்கு வாகாக இருந்தது. அங்கே சாத்தினால் பின்னால் மாட்டியிருந்த சேசுவின் திரு இருதயப் படம் மறைந்துபோகும். ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும் சேசுவே என்று மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாத்தினாள். மிச்சம் இருந்தது ஒரு கடுகு நிற விரிப்பு. அது துரையின் நெஞ்சு வரைக்கும்தான் எட்டியது. முகமும், கோல் பிடித்த வலது கையும் வெளியே தெரிந்தன. போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் சமையற்கட்டுக்குப் போனதும் அக்னஸ் வழக்கம்போலப் பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு உடுத்திக்கொள்ளப் போனாள்.

வியாகுலம்மாள் உள்ளே நுழைந்தாள். பின்னால் சகாயநாதன், அவனுக்குப் பின்னால் மாமா தைரியராஜ், கடைசியாகப் பழப் பையோடு அற்புதசாமி. பக்திக்காரி இல்லையா, வாங்க என்று சொல்வதற்குள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே பீடத்துக்குப் போய்விட்டாள். வெள்ளைத் தாடி, சாந்தமான கண், கடுகு நிற அங்கி, கையில் தச்சுக்கோல், முன்னால் மெழுகுவர்த்தி. முழங்கால் போட்டுவிட்டாள்.

"அர்ச்சியசிஷ்ட சூசையப்பரே, சேசுவை வளர்த்த தச்சரே, இது தகப்பன் இல்லாத பிள்ளை. நீர்தான் தகப்பனா இருந்து நடத்தி வைக்கணும்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டு, ஒரு பரலோக மந்திரமும் முழுசாகச் சொன்னாள்.

செல்வமேரி தடுக்க ஓரடி எடுத்து வைத்தாள். ஆனாலும் அவள் ஒன்றும் மட்டி இல்லை. சொல்லிக்கொள்ளட்டும், மேலே இருக்கிறவருக்குத் தெரியாதா யாருக்குச் சேர வேண்டியது என்று. இன்னும் ஒரு நிமிஷம், எழுந்து வந்து கேசரி சாப்பிடுவாள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் மூச்சை விட்டபோது அற்புதசாமி தொண்டையைச் செருமினார்.

அவருடைய செருமலுக்கு என்ன அர்த்தம் என்று செல்வமேரிக்குத் தெரியும். தப்பு என்று ஒன்று காதில் விழுந்தால் திருத்தாமல் விட முடியாத பிறவி அது. ஒருமுறை ரயிலில் அரை டிக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா போன டிக்கெட் பரிசோதகரைக் கூப்பிட்டு, பாப்பாவுக்குப் பன்னிரண்டு வயசு முடிந்துவிட்டது என்று சொன்னவர்.

"அம்மா, மன்னிக்கணும். அவரு சூசையப்பர் இல்லீங்க."

"என்னங்க?"

"டன்ஸ்டன் துரை. கொள்ளிடக் கரையில வேலை பார்த்த என்ஜினியர். கையில இருக்கிறது தச்சுக்கோல் இல்லீங்க, தண்ணி ஆழம் பாக்கிற கோல். ப்ராட்டஸ்டன்ட் சபை." அதோடு நிறுத்தினாரா? சாட்சிக்கு விரிப்பை வேறு உருவிவிட்டார். கீழே முழங்கால் வரைக்கும் பூட்ஸ், காலடியில் ஒரு வேட்டை நாய், பக்கத்து மேசையில் ஒரு பிராந்திக் குப்பி.

காப்பித் தட்டோடு சமையற்கட்டு வாசலில் நின்ற அக்னஸுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தட்டில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. தைரியராஜும் தொடையைத் தட்டிச் சிரித்தார், ஆனால் கூடப்பிறந்த தம்பி சிரித்தால் யார் கணக்கில் வைப்பார்கள்? வியாகுலம்மாள் பெண்ணை மட்டும்தான் பார்த்தாள். எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். காப்பிக்குக்கூட நிற்காமல் வெளியே போய்விட்டாள். சகாயநாதன் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு அம்மா பின்னாலேயே ஓடினான்.

அன்றைக்கு செல்வமேரி புருஷனிடம் பேசவில்லை. பேசினால் என்ன வார்த்தை வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. அவர்தான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "ஒரு துரையை அர்ச்சியசிஷ்டவர்னு கும்பிட விட்டா நமக்குத்தானே பாவம் மேரி?"

"உங்க உண்மையை நீங்களே வச்சுக் கும்பிடுங்க!" என்று கரண்டியை வீசிவிட்டு அறைக்குள் போனாள்.

அங்கே மூடி வைத்திருந்த ஜட்ஜ் மேல் சாய்ந்துகொண்டு அக்னஸ் அழுதுகொண்டிருந்தாள். "நான் ஏம்மா சிரிச்சேன்? அவரு திரும்பிப் பாத்தாரும்மா. நான் சிரிச்சிருக்கலன்னா..." எந்த இடம் தட்டிப் போனபோதும் இந்தப் பெண் அழுததில்லை. போனா போகுது என்று நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிடுவாள். இந்தத் தடவை அப்படி இல்லை என்று செல்வமேரிக்குப் புரிந்தது. புரிந்ததும் அவளுக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது.

புதன்கிழமை தைரியராஜ் மட்டும் வந்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"ஊர்ல பேச்சு வேற மாதிரி போயிடுச்சுங்க. பாட்டன் பூட்டன் படமெல்லாம் வச்சிருக்காங்க, பொண்ணு வேற வெளுப்பு, அது சட்டைக்கார வீடுதான்னு சொல்றாங்க."

சட்டைக்காரர் என்றால் வெள்ளை ரத்தம் கலந்தவர்கள். செல்வமேரிக்கு மயக்கம் வராத குறை. "அய்யோ ஆண்டவரே! எங்க பாட்டன் புறத்தாக்குடியில மாடு மேய்ச்சவருங்க. எந்தத் துரை எங்களுக்குத் தாத்தா?"

"எனக்குத் தெரியாதா? அக்காவுக்குத்தான் மனசு விட்டுப் போச்சு. ஆனா பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான், கட்டினா இந்தப் பொண்ணுதான்னு. அதனால அக்கா ஒரு பேச்சுக்கு இறங்கி வந்திருக்காங்க. அந்த வெள்ளைக்காரனுங்க வெளியே போனாத்தான் நான் உள்ளே வருவேன்னு சொல்றாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு தடவை. அப்புறம் இல்ல."

செல்வமேரி அவர் போனதும் சேலையை மாற்றினாள். "கிளம்புங்க" என்றாள் புருஷனிடம்.

"எங்கே?"

"சீரங்கத்துக்கு. உங்க தலைவர் வீட்டுக்கு."

பஸ்ஸில் அற்புதசாமி வழி முழுக்க ஏதோ சொல்லப் பார்த்தார். முறைப்படி மனு எழுதலாம் என்றார். கமிட்டி அடுத்த மாசம் கூடும் என்றார். காவேரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது அவள், "இனிமே வாயைத் திறந்தீங்க, நான் இங்கேயே இறங்கிடுவேன்" என்றாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அற்புதசாமி வாயை மூடிக்கொண்டார்.

கமிட்டித் தலைவர் வக்கீல் சடகோபாச்சாரி உத்தர வீதியில் இருந்தார். திருமண் பளிச்சென்று, பேச்சு தேனாக இருந்தது. "வாங்கோ, உக்காருங்கோ. படத்தை எடுக்கணும்னு தீர்மானம் ஆயிடுத்து, வாஸ்தவம். எங்கே வைக்கறதுன்னு தீர்மானம் ஆகலையே. நான் தனியா எப்படிச் சொல்றது? பகவான் ஒரு வழி விடுவான்."

"பகவான் எப்ப விடுவாருங்க?"

"அடுத்த மீட்டிங்கிலே வைக்கலாம். இல்லேன்னா அதுக்கடுத்தது."

செல்வமேரி எழுந்து நின்றாள். அவளுக்குள் இரண்டு மாசமாகக் கொதித்துக்கொண்டிருந்தது முழுக்க வெளியே வந்தது.

"சரிங்க. மீட்டிங் வரைக்கும் தலைவர் வீட்டுல இருக்கட்டும். நாளைக்குக் காலையில வண்டி வச்சு அஞ்சு பேரையும் இந்த வாசல்ல இறக்கிடறேன். பூட்ஸ், நாய், பிராந்திக் குப்பி எல்லாத்தோடயும். கலெக்டரம்மா மட்டும்தான் கொஞ்சம் அடக்கமா இருப்பாங்க."

உள்ளேயிருந்து வக்கீல் சம்சாரம் ரங்கநாயகி அவசரமாக வெளியே வந்தாள். "என்னது, நாயா? நாளைக்கு ஆத்துல திவசம்! மாட்டு மாம்சம் தின்னவாளையெல்லாம் இங்கே கொண்டுவந்து நிறுத்தப் போறாளா? ஏன்னா, அந்தப் பின்னறைச் சாவியை இப்பவே குடுத்து அனுப்புங்கோ. உங்க கேஸ் கட்டை எல்லாம் ஆத்துக்கே எடுத்துண்டு வந்து தொலைங்கோ."

சாவி வந்தது. பகவான் விட்ட வழி அதுதான் போலிருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் துரைமார் வந்த மாதிரியே மாட்டு வண்டியில் ஏறிப் போனார்கள். அற்புதசாமி வண்டியோடு நடந்து போய், பின்னறையில் ஒவ்வொருவரையும் சுவரோடு நிறுத்தித் துடைத்துவிட்டு இருட்டினபிறகு வீடு வந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் பளிச்சென்று இருந்தது. பீடத்தில் திரு இருதயப் படம் ஒன்றுதான். செல்வமேரி அதைத் துடைத்து மல்லிகைப் பூ போட்டிருந்தாள். "யாரும் சிரிக்கக் கூடாது" என்று பெண்ணிடமும், "யாரும் எதையும் திருத்தக் கூடாது" என்று புருஷனிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தாள்.

வியாகுலம்மாள் வந்தாள். வாசலிலேயே நின்று சுவரெல்லாம் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் போனாள். சிலுவை போடக் கை நெற்றிக்குப் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

"இவரு... யாருங்க?" என்றாள்.

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. குரல் அவ்வளவு தாழ்வாக இருந்தது. சின்ன வயசிலிருந்து கும்பிட்ட சேசுநாதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த அம்மாள் பயந்து நின்றாள். பின்னால் தைரியராஜ் மெல்லச் சொன்னார். "வீட்டுலயும் இப்படித்தாங்க. ஒரு வாரமா எந்தப் படத்துக்கு முன்னாடியும் முழங்கால் போடறதில்ல."

செல்வமேரிக்கு வாரம் முழுக்க இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. ஐயோ பாவமே என்று இருந்தது. ஒரு பொம்பளையை நாலு பேர் முன்னால் சாமி கும்பிட்டதற்காக வெட்கப்பட வைத்துவிட்டோமே. சகாயநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது ஒரு வார்த்தை தப்பினால் இந்தச் சம்பந்தம் இனி இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அக்னஸ் கூப்பிடாமலே வெளியே வந்தாள்.

"சேசுதாங்க அத்தை" என்றாள். "அன்னிக்கு நான் உங்களைப் பாத்துச் சிரிக்கலீங்க. சின்னப் பிள்ளையில அப்பாவோட வாசகசாலைக்குப் போனப்ப நானும் அந்தத் தாடிக்காரரைச் சூசையப்பர்னுதான் கும்பிட்டேன். அது ஞாபகம் வந்துடுச்சு. அதான் சிரிச்சுட்டேன்."

சுத்தப் பொய். சின்னப் பிள்ளைகளை வாசகசாலைக்குள் விடக்கூடாது என்பது விதி. பெற்ற மகளுக்காகக்கூட அற்புதசாமி அந்த விதியைத் தளர்த்தினவர் இல்லை. அக்னஸ் அந்த மண்டபத்து வாசலை மிதித்ததே கிடையாது.

வியாகுலம்மாள் அக்னஸைப் பார்க்கவில்லை. அற்புதசாமியின் பக்கம் திரும்பினாள். அவர் எப்படிப்பட்டவர் என்று அவளைவிடப் பட்டறிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

"நெசமாங்க?"

அற்புதசாமி தொண்டையைச் செருமினார். செல்வமேரி திரு இருதயப் படத்தைப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு. பதினாறு வயசுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லீங்க என்று ஆரம்பிக்கப் போகிறார். கடவுளே, இந்த மனுஷன் நாக்கை ஒரு நிமிஷம் கட்டிப்போடும்.

"ஆமாங்க" என்றார் அவர்.

அவர் முகம் வேர்த்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை.

"ஆறு வயசு இருக்கும். பச்சைக் கவுன் போட்டிருந்தா. முழங்கால் போட்டவ எழுந்திரிக்கவே மாட்டேன்னுட்டா. அது துரை, கும்பிடாதன்னு சொன்னா கேக்கல. கடைசியில நானும் பக்கத்துல முழங்கால் போட்டு ஒரு பரலோக மந்திரம் சொன்னப்புறந்தாங்க எழுந்தா."

"நீங்களுமா?"

"நானுந்தாங்க. படம் வரைஞ்சவன் அப்படி வரைஞ்சிருக்கான். நீங்க என்ன பண்ணுவீங்க?"

வியாகுலம்மாள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. "பிராந்திக் குப்பி வேற வச்சிருந்தானே, பாவி" என்றாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரு இருதயப் படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டாள். அக்னஸ் பக்கத்தில் போய் முழங்கால் போட்டபோது அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

செல்வமேரி சமையற்கட்டுக்குள் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஆளோடு இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள், ஒரு பொய் கேட்டதில்லை. இன்றைக்குப் பெண்ணுக்காகக் கவுனின் நிறம் வரைக்கும் சொல்லிவிட்டார். அவளுக்கு அழுகையாக வந்தது.

அவர் பின்னாலேயே வந்து நின்றார். காது ரெண்டும் சிவந்திருந்தன.

"மேரி, நாளைக்குக் காலையில சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும். பெரிய பொய்யாச் சொல்லிட்டேன்."

"பண்ணலாம், நானும் வரேன்" என்றாள் செல்வமேரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்ப இந்தக் காப்பியைக் கொண்டுபோய்ச் சம்பந்தியம்மாவுக்குக் குடுங்க."